கைப்பேசியில் குடும்ப வரவு செலவு

நெசவுக் கூலி, துணியை அறுத்துக் கொடுத்த பின்னரே கைக்கு வருவது. 2016-ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை வந்தபின், மடி இளைப்பதும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இதற்கு வரவு செலவுச் செயலி துணையாகும்.

பாவுக் கூலி 6,000 ரூபாய் எனக் கொள்வோம். செலவிடுமுன்பே அதனைச் செயலியில் பங்கிடுவோம்: உணவுக்கு 3,500, கல்விக்கு 1,000, கடன் தவணைக்கு 700, தறிக்குழியில் நீர் ஊறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு 800. ரொக்கச் செலவையும் அன்றன்றே பதிவோம். பங்குதோறும் மீதியைச் செயலி காட்டும். ஒரு பங்கு தீர்ந்தால், எதனைக் குறைப்பது என்பதைக் கணவனும் மனைவியும் கலந்தே முடிவு செய்தல் வேண்டும்.

கணக்கிடுவது செயலி, கட்டுப்படுவது நாம். மழைக்காலப் பங்கைக் காப்போமாயின், தறி நிற்கும் நாளில் வட்டிக்கடைப் படி ஏற வேண்டியதில்லை.