வளரியும் அறிக்கையும்



மருது சகோதரர்கள் என்றதும் நம் கண்முன் நிற்பது முறுக்கு மீசையும் வாளும்தான். "வெள்ளைக்காரனை எதிர்த்தாங்க, தூக்குல தொங்கினாங்க" என்று இரண்டே வரியில் கதையை முடிச்சிடுறோம். ஆனால் இளையவரான சின்ன மருது போர்த் தளபதி மட்டுமல்ல, கூட்டணி அமைக்கத் தெரிந்த இராஜதந்திரியும் ஆவார்.

1772-ல் காளையார்கோவிலில் நவாப் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து தாக்கின. மன்னர் முத்துவடுகநாதர் மாண்டார். ராணி வேலுநாச்சியார் மருதிருவருடன் விருப்பாச்சிக்குச் சென்றார். நாடு போச்சு, அரண்மனை போச்சு. மிஞ்சியது பேச்சு ஒன்றுதான். மைசூரின் ஹைதர் அலிக்கு மதம் வேறு, மொழி வேறு. ஆனால் எதிரி ஒருவனே! அந்த உறவின் பலத்தால் 1780-ல் சிவகங்கை மீண்டது. பெரிய மருது தளபதியானார். சின்ன மருது பிரதானியானார்.

அவர் எப்படிப்பட்டவர்? எதிரியே சாட்சி சொல்கிறார். கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1795-ல் அவரோடு பழகியவர். வளரி வீசவும் ஈட்டி எறியவும் அவரிடம்தான் கற்றாராம். சிறுவயல் அரண்மனை வாசலில் காவல் கிடையாது, யார் வேணும்னாலும் உள்ளே போய் வரலாம் என்று தம் நூலில் எழுதியிருக்கிறார்.

1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் சிறுவயலில் தஞ்சம் புகுந்தார். பிடிச்சுக் கொடுத்திருந்தால் சின்ன மருதுவின் பதவி தப்பியிருக்கலாம். ஆனால் அவர் கொடுக்கவில்லை.

மாறாக, 1801 ஜூன் 16-ல் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் அவரது அறிக்கை ஒட்டப்பட்டது. அது சிவகங்கைக்காரர்களுக்கு மட்டும் எழுதியதன்று. ஜம்புத் தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும், முஸ்லிம்களையும், கம்பெனிப் படையில் சம்பளம் வாங்கும் நம் சிப்பாய்களையும்கூட ஒன்றுசேர அழைத்தது. நம்மிடையே ஒற்றுமை இல்லாததால்தான் அந்நியன் ஆள்கிறான் என்று நோயின் மூலத்தையே சொன்னது. 1857-க்கு 56 ஆண்டுகள் முன்பே இந்தச் சிந்தனை!

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. படமாத்தூர் கௌரிவல்லபரைச் சிவகங்கை ஜமீன்தாராக அறிவித்தது. உரிமைக்காரர் ஒருவர் எதிரில் நின்றதும் மக்களில் ஒரு பகுதி அந்தப் பக்கம் சாய்ந்தது. பீரங்கியால் முடியாததைப் பிரிவினை செய்தது! அக்டோபர் 1-ல் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1818-ல் அங்கே அவரைச் சந்தித்தவர், வளரி கற்ற அதே வெல்ஷ்!

தோழர்களே, வளரி நூறு கஜம்வரை குறி தப்பாது என்கிறார் வெல்ஷ். ஆனால் சின்ன மருதுவின் பெரிய ஆயுதம் கூட்டணிதான். எதிரியும் அதைத்தான் முதலில் உடைத்தான். ஒன்றாக நின்றால் என்ன நடக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். நம் பக்கத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18-ல் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியை ஒப்படைத்தார்கள்.

நமக்குள்ளே ஊர் பேர், சாதி பேர் சொல்லிப் பிரிக்க யாராவது வந்தால், திருவரங்கத்து மதிலை நினைச்சுக்குவோம்!