இருப்புப்பாதையும் ஏரிக்கரையும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

தொடர்வண்டியைக் கண்டு கையசைக்காத குழந்தைகள் அரியர். அந்த வியப்பு சிலரிடம் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. அவர்கள் வண்டி எண்களை நினைவில் வைத்திருப்பர். பழைய நீராவி இயந்திரங்களைத் தேடிச் சென்று காண்பர். வீட்டு மேசையின்மீது சிறு தண்டவாளம் அமைத்து மாதிரி வண்டிகளை ஓட்டுவர். விளையாட்டாகத் தோன்றும் இப்பொழுதுபோக்கு, இருப்புப்பாதைக்காக ஒரு நாடு தன் பணத்தை எவ்வாறு செலவிட வேண்டும் என்னும் பெரிய வினாவுக்கும் வெளிச்சம் தருகிறது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று அவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

பாதை தொடாத ஊர்

திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் அமைந்துள்ளது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரியின் பெரும்பரப்பு ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் உள்ளன. கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம் முதலிய ஊர்களின் மக்கள் இந்த ஏரியையும் கடலையும் நம்பி வாழ்கின்றனர். இறாலும் நண்டும் மடவையும் அவர்களது வலையில் விழும் செல்வங்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டிச் சோழமண்டலக் கரை வணிகத்தை நடத்தினர். அன்று கடல்வழி உலகத்தோடு பிணைந்திருந்த இவ்வூரை இருப்புப்பாதை இன்றுவரை தொடவில்லை. அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் பொன்னேரி. அதற்கும் பழவேற்காட்டிற்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. பிடித்த மீனுக்குப் பொழுதுதான் பகை. வெயில் ஏற ஏற மீனின் விலை இறங்கும். ஆகவே, ஏரிக்கரையில் வாழ்பவருக்குத் தொலைவு என்பது கிலோமீட்டர் கணக்கன்று, மணிக்கணக்கு.

இதில் ஒரு முரணும் உண்டு. இந்தியாவின் முதல் தொடர்வண்டி என்றவுடன் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தானேவுக்குச் சென்ற வண்டியே நம் நினைவுக்கு வரும். பயணிகளை ஏற்றிச் சென்ற வகையில் அதுவே முதலாவது. ஆனால், அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே, 1837இல், இதே வட்டாரத்தைச் சேர்ந்த செங்குன்றத்தில் ஓர் இருப்புப்பாதை இயங்கியது. சென்னையில் சாலை அமைப்பதற்கான கற்களைக் கொண்டுசெல்ல அது பயன்பட்டது. அதன் பின்னணியில் இருந்தவர் பொறியாளர் ஆர்தர் காட்டன்.

கால்வாயா, இருப்புப்பாதையா?

இருப்புப்பாதையோடு தொடர்புடைய அதே காட்டன்தான், பின்னாளில் இந்தியாவிற்கு இருப்புப்பாதையைவிட நீர்வழியே ஏற்றது என்று வாதிட்டார். கால்வாய் பாசனத்திற்கும் உதவும், படகிற்கும் உதவும், செலவும் குறைவு என்பது அவர் கருத்து. பழவேற்காட்டினருக்கு இவ்வாதம் புதிதன்று. 1806இல் தொடங்கிச் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டப்பட்ட கால்வாய், பின்னர்ப் பழவேற்காட்டு ஏரிவரையும் அதற்கப்பாலும் நீண்டது. 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தின்போது மக்களுக்கு வேலையளிக்கும் திட்டமாகவும் அப்பணி நடைபெற்றது. அக்கால ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப்பட்ட அந்நீர்வழியில் விறகும் உப்பும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் படகுகளில் சென்னைக்குச் சென்றன.

ஆயினும், அரசின் பெரும்பணம் இருப்புப்பாதைக்கே சென்றது. அதற்குப் பணம் திரட்டப்பட்ட முறையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் பங்கு வாங்கியவர்களுக்கு ஆண்டுதோறும் ஐந்து விழுக்காடு வருவாய் உறுதி என்று அரசு உத்தரவாதம் அளித்தது. நிறுவனத்திற்கு வருவாய் குறைந்தால், குறைந்த தொகை இந்திய மக்களின் வரிப்பணத்திலிருந்து ஈடுசெய்யப்பட்டது. இலாபம் பங்குதாரருக்கு, இழப்பு உழவருக்கு. இழப்பு தம்மைச் சேராது என்றான பின் சிக்கனம் தேவையில்லை என்னும் போக்கு நிறுவனங்களிடம் வளர்ந்தது. தாதாபாய் நவரோஜி போன்றோர் இந்தியச் செல்வம் வெளியேறும் வழிகளுள் ஒன்றாக இதனைச் சுட்டிக்காட்டினர்.

1899இல் விசயவாடா – சென்னை இணைப்புப் பாதை அமைந்தது. பாதை ஏரிக்கு மேற்கே உள்நிலத்தில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூலூர்ப்பேட்டை வழியாகச் சென்றது. கால்வாய்ப் படகுகள் மெல்ல மெல்லக் குறைந்தன. 1960களின் புயல்களுக்குப்பின் கால்வாய் பெரிதும் சிதைந்தது. ஆக, ஏரிக்கரை ஊர்கள் பழைய வழியை இழந்தன. புதிய வழி அவர்களுக்கு 20 கிலோமீட்டர் தள்ளியே நின்றது.

மேசைமேல் ஒரு வட்டாரம்

இந்த வரலாற்றை ஒரு மேசையின்மீது அமைத்துப் பார்ப்போம். மாதிரித் தொடர்வண்டி ஆர்வலர்கள் உலகெங்கும் பரவலாகப் பயன்படுத்தும் அளவு ‘ஹெச்.ஓ.’ எனப்படுவது. உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்காக அனைத்தையும் சுருக்குவதே அதன் முறை. புனேயில் பி.எசு. ஜோஷி என்னும் ஆர்வலர் தம் வாழ்நாள் ஈடுபாட்டின் பயனாக 1998இல் திறந்த சிற்றுரு இருப்புப்பாதை அருங்காட்சியகத்திலும் இவ்வளவிலான நகரமொன்றைக் காணலாம்.

இக்கணக்கின்படி, ஏறத்தாழ 21 மீட்டர் நீளமுள்ள பயணியர் பெட்டி 24 சென்டிமீட்டராகும். மனிதர் உருவம் இரண்டு சென்டிமீட்டர் உயரமே இருக்கும். அவர் தலையிலுள்ள மீன்கூடை ஒரு மிளகளவு. ஆனால், பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டு ஏரியை அதே கணக்கில் காட்ட 230 மீட்டர் நீளமுள்ள மேசை வேண்டும்! எந்த வீட்டிலும் அதற்கு இடமில்லை. எனவே, மாதிரி அமைப்போர் வண்டியின் அளவைச் சரியாக வைத்துக்கொண்டு தொலைவை மட்டும் சுருக்கிவிடுவர். நிலையத்திற்குப் பக்கத்திலேயே ஏரி வந்துவிடும்.

மேசையில் இது குற்றமன்று, கலையின் உரிமை. திட்டம் தீட்டுவோரின் தாளிலும் இதே சுருக்கம் நிகழும்போதுதான் தீங்கு விளைகிறது. வரைபடத்தில் ஏரிக்கும் பாதைக்கும் இடையே ஒரு விரற்கடையே இருக்கும். அந்த விரற்கடைக்குள் கூடையோடு பேருந்துக்குக் காத்திருப்பவரின் காலைப்பொழுது முழுவதும் அடங்கியிருக்கும்.

மலிவும் சிக்கனமும்

இன்னொரு பாடத்தையும் மாதிரி கற்பிக்கிறது. கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பா, அமெரிக்கா முதலிய இடங்களில் வழங்கும் 1435 மில்லிமீட்டர் பாதைக்கு அது பொருந்தும். இந்திய அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர். அதனை 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கும் மேல் வரும். நம் ஆர்வலர்கள் இதனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்: கிடைக்கும் தண்டவாளத்தை வாங்கிச் சிறு பிழையோடு வாழ்வது, அல்லது தாமே தண்டவாளம் செய்வது.

உண்மைப் பாதையிலும் இத்தகைய தேர்வு நிகழ்ந்தது. 1870க்குப்பின், செலவைக் குறைப்பதற்காக இந்தியாவின் பல பகுதிகளில் மீட்டர்பாதை போடப்பட்டது. தமிழகத்தின் தென்பகுதிக்குச் சென்ற பாதையும் அவ்வகையைச் சேர்ந்ததே. போடும்போது மிச்சமான பணம், இரு அகலங்கள் சந்திக்கும் இடங்களில் ஒவ்வொரு நாளும் செலவாயிற்று. வடக்கிலிருந்து அகலப்பாதையில் வந்த சரக்கைத் தெற்கே அனுப்ப, ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டியிருந்தது. 1992இல் தொடங்கிய ஒரே அகலப்பாதைத் திட்டத்தின்கீழ் அப்பாதைகள் மீண்டும் பெருஞ்செலவில் மாற்றப்பட்டன. மலிவு வேறு, சிக்கனம் வேறு என்பதை நாடு ஒரு நூற்றாண்டு கழித்து உணர்ந்தது.

மேசைக்கு அடியில்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் 1946இல் மாதிரித் தொடர்வண்டி மன்றம் ஒன்று தோன்றியது. அதன் உறுப்பினருள் இருவகையினர் இருந்தனர். ஒருவகையினர் மேசைக்கு மேலே வண்டிகளுக்கு வண்ணம் தீட்டி, மலையும் ஊரும் அமைத்தனர். மற்றொரு வகையினர் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, சிக்னல்களையும் மின்கம்பிகளையும் இணைத்தனர். பின்னவருள் சிலர் கணிப்பொறி நிரல் எழுதுவதில் முன்னோடிகளாயினர். காண வந்தோர் வியந்தது மேலுள்ள வண்டியைத்தான். வண்டி மோதாமல் ஓடியதோ அடியிலிருந்த கம்பிகளால்.

இதனை நீங்களே ஆய்ந்தறியலாம். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு மாதிரி வண்டிகளை விடுங்கள்; இரண்டும் நின்றுவிடும். மூன்றாவது வண்டி வாங்கினால் சிக்கல் தீராது, பெருகும். ‘லூப் லைன்’ எனப்படும் ஒதுங்குதடம் ஒன்றைச் சேருங்கள்; ஒரு வண்டி ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து செல்லும். புதிய வண்டி வேண்டும் என்று கேட்பவர் பலர். ஒதுங்குதடமும் கூடுதல் தடமும் சிக்னலும் வேண்டும் என்று கேட்பவர் சிலர். அச்சிலருள் தொடர்வண்டி ஆர்வலரும் ஒருவர்.

பழவேற்காட்டு மீனவர்கள் இவ்வறிவை நீண்டகாலமாகவே கையாள்கின்றனர். ஏரியில் இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடலாம் என்று முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ என்னும் வழக்கம் அவர்களிடம் உண்டு. முறை மாறி ஒருவர் நுழைந்தால் வலை சிக்கும், பகையும் மூளும். இருப்புப்பாதையின் விதியும் ஏறத்தாழ இதுவே: ஒரு தடப்பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டி. அவ்விதியைக் காப்பதே சிக்னலின் பணி.

அது தவறினால் நேர்வது என்ன என்பதையும் இப்பாதை அறியும். 2023ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி, ஒடிசாவின் பாகாநாகா பஜார் நிலையத்தில் நேர்தடத்திற்கான பச்சை விளக்கைப் பெற்றும் ஒதுங்குதடத்திற்குள் புகுந்து, அங்கு நின்ற சரக்கு வண்டியின்மீது மோதியது. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிக்னல் மின்சுற்றில் மேற்கொண்ட பணியில் நேர்ந்த பிழைகளை விசாரணை சுட்டியது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், பொன்னேரியை அடுத்த கவரைப்பேட்டையில் பாக்மதி விரைவு வண்டியும் அவ்வாறே ஒதுங்குதடத்தில் நின்ற சரக்கு வண்டியின்மீது மோதியது. பலர் காயமுற்றனர், உயிரிழப்பு நேரவில்லை. தடம் மாற்றும் கருவியும் சிக்னல் கம்பியும் நம் கண்ணில் படுவதில்லை. நம் உயிரோ அவற்றைச் சார்ந்தே உள்ளது.

முதலீட்டின் அளவுகோல்

2023–24ஆம் ஆண்டின் ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் இருப்புப்பாதை முதலீட்டிற்கு 2.40 இலட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இத்தகைய தொகையைக் கேட்டவுடன் மகிழ்வதோ ஐயுறுவதோ போதாது. அப்பணத்தால் காலந்தவறாமை கூடுமா? காப்பு மிகுமா? நாளைய செலவு குறையுமா? கடைசிப் பயணிக்கும் பயன் சென்று சேருமா? இவ்வினாக்களை எழுப்பப் பழகுவதே குடிமக்கள் கடன்.

பழவேற்காட்டிற்கு இருப்புப்பாதை போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறுவது எளிது. ஏரி, ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து தங்கும் புகலிடம். மீனினம் பெருகும் நாற்றங்கால். அதனைச் சிதைத்துப் பெறும் வேகம் மீனவருக்கே கேடாகும். ஆனால், வண்டி நேரத்தோடு பொருந்திவரும் பேருந்து, நிலையத்தில் மீன் கெடாமல் வைக்கக் குளிரூட்டப்பட்ட இடம், கூடையை இறக்கி வைக்க நிழல், விரைவு வண்டிக்காகப் புறநகர் வண்டி காத்துநிற்காத கூடுதல் தடம் ஆகியவற்றை வேண்டலாம். இவையும் இருப்புப்பாதை முதலீடே. திறப்புவிழாவில் கொடியசைத்துக் காட்டத்தக்க அழகு இவற்றுக்கு இல்லாமலிருக்கலாம். மேசைக்கு அடியிலுள்ள கம்பிக்கும் அழகு இல்லைதான்.

நல்ல மாதிரி அமைப்பவர் வண்டியை மட்டும் செய்வதில்லை; நடைமேடையில் நிற்கும் மிளகளவு கூடையையும் செய்து வைப்பார். நாட்டின் திட்டமும் அக்கூடையை மறவாதிருக்குமானால், ஏரிக்கரைக்கும் இருப்புப்பாதைக்கும் இடையிலுள்ள தொலைவு உண்மையிலேயே சுருங்கும்.

தெரிந்து தெளிவோம்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இயக்கப்பட்டது. சென்னை பெரம்பூரிலுள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்டது. 2019இல் ஓடத் தொடங்கிய முதல் வந்தே பாரத் வண்டி இங்கு உருவானதே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊருக்கும் அருகிலுள்ள தொடர்வண்டி நிலையத்திற்கும் இடையிலான தொலைவை 1:87 என்னும் அளவில் கணக்கிட்டு வகுப்பறையில் எடுத்துரைக்க.
2. அட்டை, தீக்குச்சி முதலியவற்றால் ஒதுங்குதடத்துடன் கூடிய நிலைய மாதிரியை அமைத்து, இரு வண்டிகள் கடந்து செல்லும் முறையை விளக்குக.
3. ‘ஊருக்குத் தேவை புதிய வண்டியா, கூடுதல் தடமா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

நம்மை அளவிடுவோம்

குறுவினா
1. ‘பிடித்த மீனுக்குப் பொழுதுதான் பகை’ – இத்தொடரின் பொருளை விளக்குக.
2. ‘பாடு’ முறை என்றால் என்ன?

சிறுவினா
1. ஐந்து விழுக்காட்டு உத்தரவாத முறையால் இந்திய மக்களுக்கு நேர்ந்த இழப்பு யாது?
2. ‘மலிவு வேறு, சிக்கனம் வேறு’ என்பதை மீட்டர்பாதையின் வரலாற்றோடு பொருத்திக் காட்டுக.

நெடுவினா
‘மேசைக்கு அடியிலுள்ள கம்பிகளே வண்டியை ஓட்டுகின்றன’ – இக்கருத்தை இருப்புப்பாதை முதலீட்டோடு ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.