கந்தகமும் தோலும்

டேராடூன் நகருக்கு அருகில் சகஸ்ரதாரா என்னும் இடம் உள்ளது. அங்குள்ள ஊற்றுநீரில் கந்தகம் கலந்துள்ளது. அந்நீரில் குளித்தால் தோல்நோய் நீங்கும் என்பது மக்கள் நம்பிக்கை.

கந்தகம் மஞ்சள் நிறமுடைய தனிமம். அது தோலின் மேலுள்ள இறந்த செல்களைத் தளர்த்தி உதிரச் செய்யும், எண்ணெய்ப்பசையையும் குறைக்கும். ஆதலால், பொடுகினால் தலையில் செதில்கள் உதிரும்போது கந்தகம் கலந்த மருந்து பயன்படுகிறது. ஆனால், குளிர்காலத்தில் ஈரப்பசையின்றி வறண்டு உரியும் தோலை அது மேலும் உலர்த்திவிடும். அத்தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவதே நலம். செதில்கள் ஒன்றுபோல் தோன்றினும் காரணம் வேறு. எனவே, மருத்துவர் வாயிலாகக் காரணம் அறிந்த பின்னரே மருந்திட வேண்டும்.

சொற்பொருள்: தளர்த்தி – பிடிப்பை நெகிழச் செய்து.

வினா: குளிர்காலத்தில் வறண்ட தோலுக்குக் கந்தகம் ஏற்றதன்று. ஏன்?