கடிகார வேகம் மாறினால் கணக்கும் மாறும்

இயக்க அமைப்புப் பாடத்தில் கெர்னலின் பணியை நான் ஒரு வகுத்தல் கணக்கால் விளக்குகிறேன். சீரியல் போர்ட்டுக்கு வரும் கடிகாரத் துடிப்பு நொடிக்கு 18,43,200 என்க. அதை 16ஆலும் பின்பு 12ஆலும் வகுத்தால், நொடிக்கு 9,600 பிட் வேகம் கிடைக்கும். துடிப்பை இருமடங்காக்கினால் வேகம் 19,200 ஆகிவிடும். மறுமுனையில் எழுத்துகள் குழம்பும். 12க்குப் பதில் 24 தேவை என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

லினக்ஸ் கெர்னலில் இதற்கு ஒரு முறை உண்டு. துடிப்பை மாற்றும் முன், அறிவிப்புக்குப் பதிவுசெய்த டிரைவர்களுக்கு அது தெரிவிக்கும். ஒரு டிரைவர் மறுத்தாலும் மாற்றம் கைவிடப்படும். மறுப்பு இல்லையெனில், துடிப்பை மாற்றிய பின் மீண்டும் தெரிவிக்கும். டிரைவர் தன் வகுஎண்ணைத் திருத்திக்கொள்ளலாம்.

"கடிகாரம் வேகமாக ஓடினால் நல்லதுதானே?" என்று கேட்கும் மாணவரிடம் இக்கணக்கைக் கொடுங்கள். அடுத்து, 4,800 பிட் வேகத்துக்கான வகுஎண்களை இரு துடிப்புகளுக்கும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.