புது எண்ணில் வரும் ஆர்டர்

கள்ளநோட்டை நம் வணிகர்கள் விரலால் தடவிப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள். கைபேசி எண்ணை அப்படித் தடவிப் பார்க்க வழியில்லை. அதனால் நாமே ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம். "அண்ணாச்சி, அப்பா நம்பர் மாறிப்போச்சு, இனி இதிலேயே பேசுங்க" என்று நம் வாடிக்கைக்காரர் ஒருவரின் மகன் போல ஒருவன் பேசினான். வாட்ஸ்அப்பில் அவர் கடையின் படம்கூட இருந்தது. 50 கிலோ துவரம்பருப்பு 10 மூட்டை கேட்டான். பணம் வரவானதாகக் குறுஞ்செய்தி வந்தது, வாடகை வண்டியும் வந்தது, கணக்குப்பிள்ளை ஏற்றிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கல்லாவில் நாமும்தான் இருந்தோம்.

மாலையில் அந்த எண் அணைந்துவிட்டது. வண்டிக்காரருக்கும் வாடகை வரவில்லை. பாதி வழியில் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றச் சொன்னார்களாம். காவல் நிலையத்தில் விசாரித்தபோது, எண் வேறு மாநிலத்தில் கூலி வேலை செய்யும் ஒரு மூதாட்டியின் பெயரில் இருந்தது. அப்படி ஓர் எண் இருப்பதே அந்த அம்மாளுக்குத் தெரியாது.

இது எப்படி நடக்கிறது? சிம் வாங்கப் போனவரிடம் "ரேகை சரியாகப் பதியவில்லை, இன்னொரு முறை வையுங்கள்" என்று சொல்லி, இரண்டாவது ரேகையில் இன்னொரு சிம்மை உயிர்ப்பித்து வெளியே விற்கும் ஏஜெண்டுகள் உண்டு. எங்கோ கொடுத்த ஆதார் நகலும் இதற்குப் பயன்படுவதுண்டு. சில நூறு ரூபாய்க்குத் தன் பெயரில் சிம் வாங்கிக் கொடுத்துவிடும் ஏழைகளும் உண்டு. சிம்கூட வேண்டாம், ஓ.டி.பி. வந்தால் போதும் என்பவர்களுக்கு இணையத்தில் எண்ணை வாடகைக்கு விடுகிறார்கள். அதைக் கொண்டு வாட்ஸ்அப் கணக்குத் திறந்ததும் எண்ணைக் கைவிட்டுவிடுகிறார்கள். டீ குடித்த காகிதக் குவளையைப் போலத்தான். ட்ரூகாலரில் தெரியும் பெயரையும் நம்பக்கூடாது. அது மற்றவர்கள் பதிந்து வைத்த பெயர்.

2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஆள்மாறாட்டம் செய்து சிம் பெறுவோருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் வரை அபராதம் என்கிறது. ஆளைப் பிடித்தால்தானே!

ஆகவே, எண் மாறிவிட்டது என்று எவர் சொன்னாலும் நம் சிட்டையில் உள்ள பழைய எண்ணுக்கு நாமே பேச வேண்டும். இந்த ஒன்றைச் செய்திருந்தால் நம் பருப்பு போயிருக்காது. புதிய பார்ட்டியானால் ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பெயரும் முகவரியும் வரும், இலவசம்தான். ஆனால் அடுத்தவர் ஜி.எஸ்.டி. எண்ணையும் சொல்லக்கூடும் என்பதால், அந்த ஊர் லாரி ஷெட்டிலோ தெரிந்த வியாபாரியிடமோ ஒரு வார்த்தை விசாரிப்பது நல்லது. வரவுக் குறுஞ்செய்தி 10 இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வந்தால் அது வங்கி அனுப்பியதல்ல. வங்கிச் செய்திக்கு எழுத்துகளாலான தலைப்பு இருக்கும். எப்படியானாலும் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே மூட்டை வண்டி ஏறலாம். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வெறும் படம்.

பணமே போய்விட்டால் உடனே 1930க்குப் பேச வேண்டும். வேறு கணக்குக்கு மாறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. சரக்கு போனால் காவல் நிலையம்தான்.

இன்னொன்றும் உண்டு. அந்த மூதாட்டியின் நிலை நமக்கும் வரலாம். கடை உரிமம், கடன், வாடகை ஒப்பந்தம் என்று எத்தனை இடத்தில் ஆதார் நகல் கொடுத்திருக்கிறோம்! மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் எண்ணைப் போட்டால் நம் பெயரில் எத்தனை இணைப்புகள் என்று தெரியும். நம் பெயரில் 5 காட்டியது. நான்கு வீட்டாருடையவை. ஐந்தாவதை நாம் வாங்கவே இல்லை. அங்கேயே புகார் பதிந்தோம். இனி நகல் கொடுக்கும்போது எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்திட்டே கொடுக்கிறோம்.