வைப்பாற்றங்கரையில் ஒரு பசுமைப் பூங்கா: அமைப்பது எப்படி?

முன்னுரை

எங்கள் ஆலங்குளத்தில் ஆறு கிடையாது. எங்களுக்கு வாய்த்தது சுண்ணாம்புக் கல்லும், 1970-ல் தொடங்கிய அரசு சிமென்ட் ஆலையும்தான். ஆனால் வெம்பக்கோட்டைப் பக்கம் போனால் வைப்பாறு வந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் பிறந்து, வெம்பக்கோட்டை அணை, சாத்தூர், இருக்கன்குடி என்று நம் மாவட்டத்தைக் கடந்து, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிற ஆறு இது. இதன் கரையில், விஜயகரிசல்குளம் மேட்டில், 2022-ல் தொடங்கிய அகழாய்வில் கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் கிடைத்தன. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் ரொம்ப காலம் முன்னாலேயே இந்தக் கரையில் கைத்தொழில் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்பேர்ப்பட்ட ஆற்றை இன்றைக்குச் சாத்தூர் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்தால் என்ன தெரிகிறது? சீமைக் கருவேலம், சாக்கடை, குப்பை. நம் பகுதியில் பயர் ஆபீசிலும் தீப்பெட்டி ஆபீசிலும் அச்சகத்திலும் வாரம் முழுக்க வேலை பார்க்கிறவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளை குட்டிகளோடு காசில்லாமல் போய் உட்கார ஒரு நிழல் இல்லை. அந்த நிழலை ஆற்றங்கரையில் உண்டாக்க முடியுமா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. முடியும். ஆனால் செய்கிற விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. மூன்று ஊர்களில் செய்ததைப் பார்த்துவிட்டு, நம் சிலபஸில் உள்ள ஒரு சூத்திரத்தையும் போட்டுப் பார்த்து, பிறகு வைப்பாற்றுக்கு வருவோம்.

1. அகமதாபாத்: சுவர் கட்டிய சபர்மதி

சபர்மதியும் நம் வைப்பாறு மாதிரி மழைக்கால ஆறுதான். வெயில் காலத்தில் மணல் வெளியில் காய்கறி போட்டார்கள், பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், கரையோரம் குடிசைகள் இருந்தன. 1997-ல் இதற்கென்று தனி நிறுவனம் அமைத்து, 2005-ல் வேலையை ஆரம்பித்து, 2012-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இரு கரையிலும் 11 கிலோ மீட்டருக்கு மேல் கான்கிரீட் சுவர். ஆற்றின் அகலத்தை ஒரே சீராக 263 மீட்டர் ஆக்கினார்கள். ஆற்றில் இருந்து எடுத்த நிலம் சுமார் 200 ஹெக்டேர். அதில் நடைபாதை, பூங்கா, சாலை, கண்காட்சி மைதானம் எல்லாம் வந்தது.

பார்க்க அழகுதான், மறுப்பதற்கில்லை. சாயங்காலம் ஆயிரக்கணக்கான பேர் காற்று வாங்குகிறார்கள். ஆனால் நாம் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அங்கே நிற்கிற தண்ணீர் சபர்மதித் தண்ணீர் இல்லை. நர்மதைக் கால்வாயில் இருந்து விடுவது. இரண்டு, வாஸ்னா தடுப்பணைக்குக் கீழே ஓடுவது கழிவு நீர். இதை 2021-ல் குஜராத் உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. மூன்று, கரையில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. பலருக்கு வேலை செய்கிற இடம் ஒரு மூலை, வீடு இன்னொரு மூலை என்று ஆகிவிட்டது.

நமக்குக் கொண்டுவந்து விட ஒரு நர்மதை கிடையாது. இதை முதலில் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. சிங்கப்பூர்: சுவரை இடித்த காலாங்

நம்மவர்கள் நிறையப் பேர் வேலைக்குப் போயிருக்கிற சிங்கப்பூரில், பீஷான் - அங் மோ கியோ பூங்கா ஓரத்தில் காலாங் ஆறு நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக 2.7 கிலோ மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. 2009-ல் ஆரம்பித்து 2012-க்குள் அந்தக் கான்கிரீட்டை உடைத்து, ஆற்றைப் பழையபடி வளைந்து வளைந்து ஓடவிட்டார்கள். நீளம் 3 கிலோ மீட்டருக்கு மேல் ஆனது. 17 முதல் 24 மீட்டர் வரை இருந்த அகலம், வெள்ளம் வரும்போது சில இடங்களில் 100 மீட்டர் வரை விரிய இடம் கொடுத்தார்கள். மழை இல்லாத நாளில் அந்த இடம் புல்வெளி, குடும்பத்தோடு உட்காரலாம். மழை நாளில் அதே இடம் ஆறு. தண்ணீர் ஏறும் முன்பே சைரனும் விளக்கும் எச்சரிக்கும்.

கரையை எப்படி நிறுத்தினார்கள்? செடி, வேர், கல், நார்ப்பாய் இவற்றை வைத்துத்தான். முதலில் ஒரு சின்ன ஓடைக் கரையில் பல முறைகளைச் சோதித்துப் பார்த்து, தேறியதை மட்டும் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். நாம் லேபில் கியூப் டெஸ்ட் போடுகிற மாதிரிதான்!

3. சென்னை: அடையாறு பூங்கா

நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம், 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட அடையாறு பூங்கா என்னும் தொல்காப்பியப் பூங்கா. ஆற்று முகத்துவாரத்தில், கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, அலையாத்தி முதலான உள்ளூர் மரம் செடிகளை வைத்து வளர்த்தார்கள். ஊஞ்சலும் ராட்டினமும் வைக்கிற பூங்காவாக இதை அமைக்கவில்லை; மாணவர்களுக்குச் சூழலியல் சொல்லித் தரும் இடமாகத் திட்டமிட்டார்கள். பறவை தானாக வந்தது. இடம் கொடுத்தால் ஆறு தானே பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு இது சாட்சி.

4. ஒரு கணக்கு

நாம் ஹைட்ராலிக்ஸில் படித்த மானிங் சூத்திரம் ஞாபகம் இருக்கும். வேகம் என்பது, ஹைட்ராலிக் ரேடியஸின் மூன்றில் இரண்டு அடுக்கை, சரிவின் வர்க்க மூலத்தால் பெருக்கி, சொரசொரப்பு எண்ணால் வகுப்பது. பரீட்சைக்கு மட்டும் எழுதுகிற சூத்திரம் அல்ல இது. கீழே உள்ள எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, வைப்பாற்றில் அளந்தவை அல்ல.

அகலம் 150 மீட்டர், ஆழம் 2 மீட்டர், சரிவு 1000-க்கு 1, சொரசொரப்பு எண் 0.035. குறுக்குவெட்டுப் பரப்பு 300 சதுர மீட்டர். நனையும் சுற்றளவு 154 மீட்டர். ஹைட்ராலிக் ரேடியஸ் 1.95 மீட்டர். வேகம் வினாடிக்கு 1.41 மீட்டர். வெள்ளத்தின் அளவு வினாடிக்கு 423 கன மீட்டர், அதாவது சுமார் 15,000 கன அடி.

இப்போது பூங்காவுக்கு நிலம் வேண்டும் என்று இரு பக்கமும் சுவர் கட்டி அகலத்தைப் பாதியாக, 75 மீட்டராகக் குறைக்கிறோம். அதே வெள்ளம் வருகிறது. ஆழம் எவ்வளவு? 3.1 மீட்டர்! வேகம் 1.82 மீட்டர். அதாவது தண்ணீர் 1.1 மீட்டர் கூடுதலாக ஏறி நிற்கும். சுவர் அதற்குத் தாங்கினாலும், சுவர் ஆரம்பிப்பதற்கு மேலே உள்ள தெருக்காரர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரும்.

"தரையையும் கான்கிரீட் போட்டு வழவழப்பாக்கி விட்டால்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சொரசொரப்பு எண் 0.015 என்று வைத்தால் ஆழம் 1.84 மீட்டராகக் குறைந்துவிடும், உண்மைதான். ஆனால் வேகம் 3.07 மீட்டர் ஆகிவிடும்; முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வேகத்தில் வருகிற தண்ணீர், கான்கிரீட் முடிகிற இடத்தில் மணலை வாரிக்கொண்டு போகும். அடுத்த ஊர்ப் பாலத்தின் அஸ்திவாரம் வெளியே தெரியும். போதாததற்கு, அடியில் கான்கிரீட் போட்டால் ஆற்றுத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்காது. ஆற்றோரக் கிணறுகளை நம்பி இருக்கிற ஊர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"வைப்பாற்றுல எப்பவாவதுதானே தண்ணி வருது?" என்கிற பேச்சும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. எப்பவாவது வருகிற தண்ணீருக்குத்தான் ஆறு இடம் வைத்திருக்கிறது. அந்த இடத்தை நாம் எடுத்துக்கொண்டால் அது நம் வீட்டுக்குள் வந்து இடம் தேடும்.

சிமென்ட் ஊர்க்காரன் சிமென்ட்டைக் குறை சொல்லலாமா என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பாலத்துக்கும் அணைக்கும் சிமென்ட் வேண்டும். எங்கே தேவையோ அங்கே போடுவதுதான் சிமென்ட்டுக்கு மரியாதை.

5. முதலில் சாக்கடை, பிறகு பூங்கா

நாற்றம் அடிக்கிற இடத்தில் எத்தனை பெஞ்ச் போட்டாலும் யாரும் உட்கார மாட்டார்கள். ஒரு ஊரில் 30,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது கணக்கு. அதில் 80 சதவீதம் கழிவு நீராக வெளியே வரும். ஆக, 30,000 × 135 × 0.8 = 32.4 லட்சம் லிட்டர், தினமும்! இதை ஆற்றுக்குள் விழாமல் கரையோரக் குழாயில் பிடித்து, சுத்திகரித்து, அதே தண்ணீரைப் பூங்கா மரங்களுக்கு விட்டால், கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. நர்மதை இல்லாத ஊருக்கு இதுதான் நர்மதை.

விருதுநகர் ஊருக்குள் ஓடும் கௌசிகா நதியும் குல்லூர்சந்தை அணையும் நமக்குப் பக்கத்திலேயே உள்ள பாடம். நகரக் கழிவு நீரை ஆற்றில் விட்டால் அது கடைசியில் அணையில் போய்த்தான் தேங்கும்.

6. வைப்பாற்றுக்கு என் யோசனை: மூன்று படி

முதல் படி, படுகை. இதில் எதையும் கட்டக் கூடாது. சீமைக் கருவேலத்தை மட்டும் வேரோடு எடுக்க வேண்டும். வெட்டிவிட்டால் மறுபடி தழைத்துவிடும். எடுத்த இடத்தில் உடனே வேறு செடி வைக்காவிட்டால் விதை முளைத்து அதுவே திரும்பி வரும். கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் நம் பக்கம் உண்டு. அவர்களுக்கே அந்த வேலையைக் கொடுத்து, பிறகு மரம் வளர்க்கிற வேலையையும் கொடுப்பதுதான் நியாயம்.

இரண்டாம் படி, வெள்ளம் ஏறி இறங்குகிற சரிவு. 2-க்கு 1 சரிவில், அதை விடச் செங்குத்தாக இல்லாமல் மண் கரை. வெட்டிவேர், நாணல், அருகம்புல் பிடித்துக்கொள்ளும். வெட்டிவேரின் வேர் 3 மீட்டர் வரைகூட இறங்கும். வளைவுகளில் அரிப்பு அதிகமாக இருக்கும்; அங்கே மட்டும் கம்பிவலைக் கல் பெட்டி அடுக்கலாம். தண்ணீரில் மூழ்கினாலும் கெடாத கபடிக் களம், படித்துறை, ஆடு மாடு இறங்கும் பாதை இங்கே இருக்கலாம். படித்துறையில் சிவப்புக் கோடு போட்டு, தண்ணீர் அதைத் தொட்டால் எல்லாரும் மேலே ஏற வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் திறந்தால் ஒலிபெருக்கி அறிவிப்பும் அவசியம்.

மூன்றாம் படி, மேல் கரை. 3 மீட்டர் அகலத்தில் கிராவல் நடைபாதை. இரு பக்கமும் மருது, நாவல், புங்கை, வேம்பு, பனை. அலங்காரச் செடி வேண்டாம். நம் வெயிலுக்கு மூன்று மாதம் நிற்காது. சக்கர நாற்காலி ஏற 12-க்கு 1 சரிவில் சாய்தளம், பெண்களுக்குக் கழிப்பறை, விளக்கு, குடிதண்ணீர். பயர் ஆபீஸ் பஸ்ஸில் இருந்து இருட்டின பிறகு இறங்குகிற அக்காமார்கள் பயமில்லாமல் நடக்கிற பாதையாக இருந்தால்தான் அது பூங்கா. சேவு, வெள்ளரிக்காய் விற்கிறவர்களுக்கு நிழலோடு இடம் ஒதுக்க வேண்டும். சாத்தூர் சேவும் வெள்ளரியும் இல்லாமல் சாத்தூரில் ஒரு பூங்காவா?

நுழைவுக் கட்டணம் கூடவே கூடாது. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் என்றாலும், பஸ் செலவையும் சேர்த்தால் கூலிக்காரர் வாசலோடு திரும்பிவிடுவார்.

முடிவுரை

திறப்பு விழா அன்றைக்கு இருக்கிற பூங்கா மூன்றாவது வருஷம் இருப்பதில்லை. கட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறோம், தண்ணீர் ஊற்ற ஆள் போடுவதில்லை. ஆகவே எஸ்டிமேட்டில் ஐந்து வருஷப் பராமரிப்பையும் சேர்த்துத்தான் போட வேண்டும். நாளைக்கு ஓவர்சீயராகவோ, ஜூனியர் இன்ஜினியராகவோ, காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராகவோ அந்த எஸ்டிமேட்டைக் கையில் பிடிக்கப் போவது நாம்தான்.

அதற்கு முன் நம்மால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. அடுத்த வருஷ பிராஜக்ட்டுக்குப் பழைய டாப்பிக்கையே எடுக்காமல், ஒரு பேட்ச் வைப்பாற்றை எடுக்கட்டும். பாலத்தில் இருந்து மேலும் கீழும் ஒரு கிலோ மீட்டர், 50 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு லெவல். பாலத் தூணில் உள்ள வெள்ளக் கறையையும், ஊர்ப் பெரியவர்கள் காட்டுகிற அடையாளத்தையும் வைத்து உச்ச வெள்ள மட்டம். எத்தனை சாக்கடை எங்கெங்கே விழுகிறது, கரையில் யார் யார் குடியிருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு பட்டியல். பிறகு மேலே நான் அனுமானமாகப் போட்ட கணக்கை உண்மையான எண்களை வைத்துப் போட்டு, வரைபடத்தோடு நகராட்சியில் கொடுப்போம். எவ்வளவு அகலத்தை ஆற்றுக்கு விட வேண்டும் என்று அந்த வரைபடத்தில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டி யார் சுவர் கட்ட வந்தாலும், காட்டிக் கேட்பதற்கு நம் கையில் ஒரு தாள் இருக்கும்.

லெவல் எடுக்கக் கூட வருகிறவர்கள் சொல்லுங்கள். ஸ்டாஃப் பிடிக்க நான் தயார்!

— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன், ஆலங்குளம்