சிறு கணிப்பொறி நிறுவனமும் பொதுச் சந்தையும்

புதிய கணிப்பொறி ஒன்றை உருவாக்குவது ஒரு பணி. அதனைப் பொதுமக்கள் விரும்பி வாங்கச் செய்வது வேறொரு பணி. முதற்பணியில் வெற்றி கண்ட சிறு நிறுவனங்கள் பல, இரண்டாவதில் தளர்ந்துவிடுகின்றன. விலையைக் குறைத்தால் விற்பனை தானே பெருகும் என்னும் கருத்து இதற்கு ஒரு காரணமாகும். இக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளின் வாயிலாக ஆராயலாம்.

சிம்ப்யூட்டரின் அனுபவம்

பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் இணைந்து 1999இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை நிறுவினர். எழுத்தறிவு இல்லாதோரும் பயன்படுத்தத்தக்க, கையடக்கமான கணிப்பொறியை அளிப்பதே அவர்களது நோக்கம். அதன் மாதிரி 2001இல் வெளியிடப்பட்டது. திரையைத் தொட்டு அதனை இயக்கலாம். இந்திய மொழிகளில் அது எழுத்தைப் பேச்சாக மாற்றித் தரும். ஊருக்கு ஒரு கருவியே இருப்பினும், அவரவர் விவரங்களைத் தனித்தனி ஸ்மார்ட் அட்டையில் வைத்துக்கொண்டு பலரும் பகிர்ந்து பயன்படுத்த இயலும். விலை சுமார் 9,000 ரூபாய்க்குள் அமைய வேண்டுமெனக் கருதப்பட்டது.

2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த 'அமிடா' சிம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. அதன் எளிய வகையின் விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. கர்நாடகத்தில் நில ஆவணப் பணிக்குச் சிம்ப்யூட்டர் பயன்பட்டது. ஆயினும் பொதுச் சந்தையில் எதிர்பார்த்த வரவேற்பு கிட்டவில்லை. அதே ஆண்டில்தான் நாட்டின் செல்பேசி இணைப்புகள் நிலைத்தொலைபேசி இணைப்புகளை விஞ்சின. மக்கள் புதிய கருவியை வாங்கத் தயங்கவில்லை என்பது இதனால் புலனாகும். செல்பேசியின் பயன் யாவருக்கும் தெளிவாக விளங்கிற்று. சிம்ப்யூட்டரின் பயன்கள் பலவாயினும், அன்றாடம் இன்றியமையாத ஒன்று வாங்குவோர் மனத்தில் பதியவில்லை.

ஏகார்ன் நிறுவனத்தின் அனுபவம்

பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஏகார்ன் நிறுவனமும் சிறியதே. பி.பி.சி. ஒலிபரப்புக் கழகம் கணிப்பொறிக் கல்வித் திட்டமொன்றை மேற்கொண்டபோது, அதற்கான கருவியை உருவாக்கும் வாய்ப்பு இந்நிறுவனத்துக்குக் கிடைத்தது. 1982இல் தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கின. பள்ளிகள் கணிப்பொறி வாங்க அரசு பாதி விலையை ஏற்றது. பாடநூல்களும் பள்ளிக்கேற்ற செயல்நிரல்களும் பெருகின. முதலில் ஏறத்தாழ 12,000 கருவிகளே விற்பனையாகும் என மதிப்பிடப்பட்டது. விற்றவையோ 15 லட்சத்துக்கும் மேல்.

இக்கருவி மலிவானதன்று. அன்றைய சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் இதனினும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. எனினும் பள்ளிகள் பி.பி.சி. கருவியையே பெரிதும் நாடின. ஆசிரியருக்குப் பயிற்சியும் மாணவருக்குப் பாடமும் கருவியோடு சேர்ந்தே கிடைத்தமையே இதற்குக் காரணம்.

பின்னர் இந்நிறுவனமும் இடர்ப்பட்டது. தனது மலிவு வகையான 'எலெக்ட்ரா'னை 1983 கிறிஸ்துமஸ் பருவத்தில் போதிய அளவு வழங்க அதனால் இயலவில்லை. மறு ஆண்டில் தேவை குறைந்தபோது சரக்குத் தேங்கியது. 1985இல் நிறுவனம் இத்தாலியின் ஒலிவெட்டி வசமாயிற்று. ஏகார்ன் பொறியாளர்கள் அதே ஆண்டில் உருவாக்கிய 'ஆர்ம்' செயலியின் வழிவந்ததே சிம்ப்யூட்டரை இயக்கிய செயலி என்பது குறிப்பிடத்தக்கது. ஆற்றல் மிக்க செயலி மட்டும் சந்தையைத் தந்துவிடாது என்பதை இரு வரலாறுகளும் உணர்த்துகின்றன.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, சிறு நிறுவனம் எல்லோருக்கும் எல்லாமும் தர முயலாமல், ஒரு வகைப் பயனாளரின் ஒரு பணியை முழுமையாக நிறைவேற்றித் தருதல் வேண்டும். இரண்டாவதாக, செயல்நிரல், பயிற்சி, பழுதுபார்ப்பு ஆகியவை கருவியுடன் சேர்ந்தே வாங்குவோரைச் சென்றடைய வேண்டும். மூன்றாவதாக, உற்பத்தி தேவையை ஒட்டி அமைய வேண்டும்.

நான்காவது அரசின் பொறுப்பாகும். உறுதியான முதற்கொள்முதல் இன்றிப் பெருமளவு உற்பத்தி இல்லை. பெருமளவு உற்பத்தி இன்றி விலைக்குறைப்பும் இல்லை. தகுதியுள்ள தொடக்க நிறுவனங்களுக்கு, தரம் குன்றாத வகையில், முந்தைய விற்றுமுதல், முன்அனுபவம் ஆகிய நிபந்தனைகளைத் தளர்த்த 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் இடமளிக்கின்றன. இவ்வாய்ப்பைப் பயன்படுத்தும் துறைகள், கருவியோடு பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் சேர்த்தே நிதி ஒதுக்குதல் நலம். இல்லையேல் பொதுப்பணத்தில் வாங்கிய கருவிகள் அலமாரியில் உறங்கும். உள்நாட்டுப் பொறியாளரின் உழைப்பும் உரியவரைச் சென்றடையாது போகும்.